சமூக விளையாட்டுக்காக விளையாட்டு மேலாண்மை படிப்பது எப்படி?

விளையாட்டு மேலாண்மை என்னும் படிப்பு, தொழில்முறை அணிகளின் தேவையிலிருந்து பிறந்தது. 1957இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓ'மாலி, பேராசிரியர் ஜேம்ஸ் மேசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அணியையும் அரங்கத்தையும் நடத்தத் தெரிந்தவர்களைப் பயிற்றுவித்து அனுப்பப் பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்பு வேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணமே 1966இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பாக உருவெடுத்தது. பல பாடத்திட்டங்கள் இன்றும் டிக்கெட் விற்பனை, ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர்ஷிப், அரங்க நிர்வாகம் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம். தங்கள் பகுதியின் மைதானத்தில் மாலைதோறும் கூடும் பிள்ளைகளுக்காக இதைப் படிக்க விரும்புகிறவர்கள், படிப்பைத் தங்கள் நோக்கத்துக்கேற்பத் தாங்களே திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான்: சேர்ந்த முதல் பருவத்திலேயே ஒரு சிறிய விளையாட்டு மன்றத்தைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை ஒவ்வொரு பாடத்தையும் அந்த ஒரே மன்றத்தின் மீது பொருத்திப் பாருங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

முதலில் உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், விளையாட்டு மேலாண்மை ஆகிய மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். உடற்கல்வி கற்பித்தலையும், விளையாட்டு அறிவியல் உடலின் இயக்கத்தையும், மேலாண்மை அமைப்பையும் மையமாகக் கொண்டவை. பிள்ளைகள் விளையாடுவதற்கு இடம், நேரம், பணம், ஆட்கள், விதிகள் ஆகிய ஐந்தும் ஒன்றுகூட வேண்டும். அவற்றை ஒன்றுகூட்டுவதே மேலாளரின் வேலை. இதற்கு நீங்கள் பெரிய விளையாட்டு வீரராக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கல்லூரியின் விளம்பரக் கையேட்டைவிட, அதன் விரிவான பாடத்திட்டம் பல செய்திகளைச் சொல்லும். இளையோர் மேம்பாடு, லாப நோக்கமற்ற அமைப்புகளின் நிர்வாகம், அடிப்படைப் புள்ளியியல், விளையாட்டுச் சட்டம் ஆகியவை கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா என்று பாருங்கள். களப்பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைத் தொழில்முறை அணிகளில் மட்டுமல்லாமல் சமூக மன்றங்களிலும் செய்ய அனுமதி உண்டா என்று கேளுங்கள். முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் நல்லது. அந்தத் தலைப்புகளில் பள்ளிகள், பெண் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், தன்னார்வலர்கள் என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லையென்றால், உங்களை வழிநடத்தும் ஆசிரியரை அங்கே கண்டுபிடிப்பது கடினம்.

ஏற்கெனவே ஒரு விளையாட்டுச் சம்மேளனத்திலோ ஒலிம்பிக் குழுவிலோ பணியாற்றுகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவிப் பிரிவான ஒலிம்பிக் ஒருமைப்பாட்டு அமைப்பின் ஆதரவுடன் 1995 முதல் நடந்துவரும் மெமோஸ் என்னும் முதுநிலைப் படிப்பு, வேலையை விடாமலே படிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதில் பங்கேற்பவர் தன் சொந்த அமைப்பின் சிக்கல் ஒன்றையே திட்டப்பணியாக எடுத்துக்கொள்கிறார். 2000இல் தொடங்கிய ஃபிஃபா மாஸ்டர், இங்கிலாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மாறிமாறி நடக்கும் முழுநேரப் படிப்பு. எந்தப் பட்டம் படித்தாலும், அதனோடு ஏதேனும் ஒரு விளையாட்டில் அடிப்படைப் பயிற்சியாளர் சான்றிதழ், நடுவர் உரிமம், முதலுதவிப் பயிற்சி ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அவை இருந்தால் எந்த மைதானத்திலும் உங்களை உடனே வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். மேலாண்மைப் பட்டத்தை மட்டும் காட்டி அப்படி உள்ளே நுழைவது எளிதல்ல.

வருகைப் பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மன்றத்தைத் தேர்ந்தெடுத்ததும், கோப்பைகள் அடுக்கிய அலமாரியின் பக்கம் போகாமல் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேடு இல்லையென்றால், அதைத் தொடங்கி வைப்பதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கட்டும். பெயர், பிறந்த தேதி, பெண்ணா ஆணா, வசிக்கும் பகுதி, சேர்ந்த நாள், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கட்டம் என்று ஒரு சாதாரண நோட்டில் கோடு போட்டால் போதும். "இந்த ஆண்டு இத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள்" என்று அறிக்கையில் எழுதுவது எல்லா அமைப்புகளுக்கும் பிடிக்கும். ஆனால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் வந்தார்கள் என்ற எண்தான் ஒரு மன்றத்தின் உண்மையான நிலையைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பதிவேட்டில் பன்னிரண்டு வயதுவரை பெண் பிள்ளைகளின் கட்டங்கள் தொடர்ந்து நிரம்பியிருக்கின்றன. பதின்மூன்றாவது வயதில் முதலில் வாரத்துக்கு ஒரு கட்டம் காலியாகிறது, பிறகு அந்த வரிசை முழுவதுமே வெறுமையாகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்தவுடன் "அந்த வயதில் ஆர்வம் குறைந்துவிடுகிறது" என்று முடிவுகட்டுவது தவறு. அந்த வயதுக் குழுவின் பயிற்சி நேரம் மாலையிலிருந்து இருட்டிய பிறகுக்கு மாற்றப்பட்டதா, உடை மாற்ற அறையும் கழிப்பறையும் பூட்டிக் கிடக்கின்றனவா, பெண் பயிற்சியாளர் யாரேனும் விலகினாரா, சீருடை மாறியதா என்று ஒவ்வொன்றாகத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கே சென்று பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி முறைகள் என்ற பாடத்தில் சொல்லப்படும் நேர்காணல், கேள்வித்தாள், மாறிகள் அனைத்தும் இந்த ஒரு பயிற்சியில் அடங்கிவிடுகின்றன.

அதே பதிவேட்டிலிருந்து இன்னொரு பயிற்சியையும் செய்யலாம். போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் பிறந்த மாதங்களை மட்டும் எடுத்து, வயது வரம்பு கணக்கிடப்படும் தேதியிலிருந்து மும்மூன்று மாதங்களாக நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் 1985இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதுபோல, முதல் தொகுதியில் பிறந்தவர்கள் மிகுதியாகவும் கடைசித் தொகுதியில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதைப் பல அணிகளில் காணலாம். ஜனவரியில் கணக்குத் தொடங்கினால், ஜனவரியில் பிறந்த பிள்ளை அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு மூத்தது. பத்து வயதில் அந்த ஓர் ஆண்டு, உயரத்திலும் வேகத்திலும் பெரிய வேறுபாட்டைத் தரும். நாம் திறமை என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பது பல நேரங்களில் வயதைத்தான். இந்த அட்டவணையை மன்றத்தின் தேர்வுக் குழுவிடம் பணிவோடு காட்டுங்கள். எந்தச் சொற்பொழிவையும்விட அது அவர்களைச் சிந்திக்க வைக்கும்.

வளர்ச்சியைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை

இளம் வீரர்களின் வளர்ச்சி குறித்துப் பாடத்தில் இரண்டு மாதிரிகள் வரும். பயிற்சியியல் வல்லுநர் இஸ்த்வான் பாலி 1990களில் முன்வைத்த நீண்டகால வீரர் மேம்பாட்டு மாதிரி, பயிற்சியை வயதுக்கும் உடல் முதிர்ச்சிக்கும் ஏற்பப் படிநிலைகளாகப் பிரிக்கிறது. விளையாட்டு உளவியல் ஆய்வாளர் ஜான் கோட்டேயின் மாதிரி, ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பல விளையாட்டுகளைச் சுவைத்துப் பார்க்கும் பருவம், பதின்மூன்று முதல் பதினைந்துவரை ஒன்றிரண்டில் கவனம் குவிக்கும் பருவம், பதினாறுக்கு மேல் ஒன்றில் முழுமையாக ஈடுபடும் பருவம் என்று பிரிக்கிறது. இரண்டையும் மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், அவற்றின் மீதான விமர்சனங்களையும் படியுங்கள். குறிப்பிட்ட வயதில் குறிப்பிட்ட திறனை வளர்க்காவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று முதல் மாதிரியை வைத்துச் சொல்லப்படும் கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கருத்தைக் கேட்டு அஞ்சிய பெற்றோர்கள் ஏழு வயதுப் பிள்ளையை ஒரே விளையாட்டில் தள்ளுவதைத் தடுக்க, உங்களுக்கு இந்த விவரம் தேவைப்படும்.

உயரம் மிக வேகமாகக் கூடும் காலம், சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதையும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதையும் ஒட்டி வருகிறது. ஆனால் தனிப்பட்ட பிள்ளைகளிடையே இது முன்பின்னாக ஓரிரு ஆண்டுகள் மாறும். எனவே பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் அணி ஒன்றில் உடலளவில் பதினொரு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் அருகருகே நிற்க முடியும். இந்தக் காலத்தில் எலும்புகளின் வளர்ச்சிப் பகுதிகள் மென்மையாக இருப்பதால், முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து குறித்து வைத்து, வேகமாக வளரும் பிள்ளைக்குத் தாவல்களையும் ஓட்டச் சுமையையும் குறைக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்வதற்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். ஒரு சுவரும் அளவுநாடாவும் போதும். ஒரு வாரத்தில் ஒழுங்கமைக்கப்பட்ட பயிற்சியின் மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் வழிகாட்டுதல். பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் பத்து மணி நேரம்தான் மேல் எல்லை. அதிலும் வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

போட்டிகளை வடிவமைப்பதில்தான் மேலாளரின் கை மிகவும் ஓங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியாளர் ஓர் அணியை மாற்றலாம். போட்டி விதியை எழுதுகிறவர் ஒரு தலைமுறையின் விளையாட்டையே மாற்றுகிறார். நார்வே 1987இல் சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகளை வகுத்தது. இன்று அங்கே பதினொரு வயதுக்கு முன் முடிவுப் பட்டியல்களும் தரவரிசையும் வெளியிடப்படுவதில்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அதே நார்வே குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலின் உச்சியில் நிற்பதை, சிறு வயதிலேயே கோப்பைகள் வேண்டும் என்று வாதிடுவோருக்கு எடுத்துச் சொல்லலாம். டென்னிஸில் சர்வதேசக் கூட்டமைப்பு 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மெதுவாக எழும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைக் கட்டாயமாக்கியது. வழக்கமான பந்து சிறுவரின் தலைக்கு மேல் எழும்பிச் செல்லும்; மெதுவான பந்து இடுப்பளவில் வரும், அதனால் பிள்ளை அதை அடித்துத் திருப்பி அனுப்பி ஆட்டத்தைத் தொடர முடியும்.

நைரோபியின் மாத்தாரே பகுதியில் 1987இல் தொடங்கிய இளையோர் விளையாட்டுச் சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. குப்பை நிறைந்த அந்தக் குடியிருப்பில் அணிகள் தெருக்களையும் கால்வாய்களையும் துப்புரவு செய்தால், அதற்கும் லீக் அட்டவணையில் புள்ளிகள் சேர்ந்தன. அங்கே சமூகப் பணி போட்டியின் விதிக்குள்ளேயே வைக்கப்பட்டது. புறம்பான ஓர் அறிவுரையாக நிற்கவில்லை. விதி ஒன்றை மாற்றி நடத்தையை மாற்றுவது எப்படி என்று வகுப்பில் கட்டுரை கேட்டால், இதை எடுத்து எழுதுங்கள். பிறகு உங்கள் மன்றத்தின் லீக்கில் எந்த ஒரு விதியை மாற்றலாம் என்றும் எழுதுங்கள்.

ஒரு மணி நேரப் பயிற்சியின் கணக்கு

செயல்பாட்டு மேலாண்மை என்ற பாடம் தொழிற்சாலை எடுத்துக்காட்டுகளோடு வரும். பிள்ளைகளின் பயிற்சிக்கு அதைப் பொருத்திப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு மாலை ஸ்டாப்வாட்சோடு மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். இருபது பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகப் பந்தை உதைக்கிறார்கள். ஒருவருக்குப் பதினைந்து விநாடி ஆகிறது என்றால், தன் முறை மீண்டும் வர ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு உதைகள். அதே பிள்ளைகளை ஐந்து பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு பந்துகள் கொடுத்தால் நாற்பத்தெட்டு உதைகள் கிடைக்கும். கூடுதலாகத் தேவைப்பட்டவை மூன்று பந்துகளும், குழுக்களைக் கவனிக்க வயதில் மூத்த மூன்று பிள்ளைகளும்தான். நன்கொடை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் "உபகரணங்கள் தேவை" என்று பொதுவாகக் கேட்பதற்குப் பதிலாக, இந்தக் கணக்கை எழுதிக் கேளுங்கள். கொடுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பது புரியும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்கும் இதே நுணுக்கமான பார்வை தேவை. இடம், செயல், உபகரணம், ஆட்கள் என்ற நான்கில் எதை மாற்றினால் இந்தப் பிள்ளை இந்த ஆட்டத்தில் சேர முடியும் என்று கேட்கும் முறை, பயிற்சியாளர்களிடையே பரவலாகப் பயன்படுகிறது. தளத்தைச் சுருக்கலாம், தூரத்தைக் குறைக்கலாம், சத்தம் எழுப்பும் பந்தைப் பயன்படுத்தலாம், அணியின் எண்ணிக்கையை மாற்றலாம். தனியாக ஒரு நாள் விழா நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, வாராந்திரப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு நிரந்தர இடம் கிடைப்பது மேல்.

ஆட்களும் பாதுகாப்பும்

சமூக விளையாட்டு தன்னார்வலர்களின் தோள்களில் நிற்கிறது. லண்டனில் 2004இல் பதின்மூன்று பேருடன் தொடங்கிய பார்க்ரன், வாரந்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமாகப் பல நாடுகளுக்குப் பரவியதற்கு ஒரு காரணம், அது தன்னார்வலர் வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்ததுதான். நேரம் குறிப்பவர், அட்டை கொடுப்பவர், வழி காட்டுபவர் என்று ஒவ்வொரு வேலையும் ஒரு காலைப்பொழுதுக்குள் முடியும். புதியவரும் உடனே கற்றுக்கொள்ளலாம். உங்கள் மன்றத்தில் எல்லா வேலையும் ஒரே செயலாளரின் தலையில் விழுந்திருந்தால், அவர் செய்வதையெல்லாம் ஒரு வாரம் உடனிருந்து எழுதி, அரை மணி, ஒரு மணி வேலைகளாகப் பிரித்துக் காட்டுங்கள். பெற்றோர்களிடம் "உதவ முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, "வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் கை உயரும்.

பயிற்சியாளர்களுடன் பணியாற்றுவதற்கு, விளையாட்டு மேலாண்மை அறிஞர் பாக்கியநாதன் செல்லதுரை உருவாக்கிய பன்முகத் தலைமைத்துவ மாதிரியைக் கவனமாகப் படியுங்கள். சூழ்நிலை கோரும் தலைமை, வீரர்கள் விரும்பும் தலைமை, தலைவர் உண்மையில் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவுக்கு ஆட்டத்திறனும் மனநிறைவும் கூடும் என்பது அதன் மையக் கருத்து. பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அவரிடமும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதைக் குற்றப்பத்திரிகைபோல் அல்லாமல் பேச்சைத் தொடங்கும் தாளாகக் கொண்டு செல்லுங்கள்.

குழந்தைப் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, வன்முறையிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையையும், 31ஆம் பிரிவில் ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையையும் பிள்ளைகளுக்கு வழங்குகிறது. விளையாட்டில் குழந்தைகளுக்கான சர்வதேசப் பாதுகாப்பு நெறிகள் 2014இல் வெளியாயின. இவற்றைப் படித்து, உங்கள் மன்றத்துக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் விதிகளை எழுதுங்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அனுப்பும் செய்திகள் பெற்றோர் உள்ள குழுவில் மட்டுமே செல்ல வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு தன்னார்வலரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். புகாரைக் கேட்க, தலைமைப் பயிற்சியாளரோ செயலாளரோ அல்லாத ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் பிள்ளைகளின் கண்படும் உயரத்தில் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். "நம் மன்றத்தில் எல்லாரும் நல்லவர்கள்" என்று யாரேனும் சொன்னால், விதிகள் நல்லவர்களையும் வீண் சந்தேகத்திலிருந்து காக்கின்றன என்று விளக்குங்கள். மன்றம் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால், உங்கள் களப்பயிற்சிக்கு வேறு மன்றத்தைத் தேடுங்கள்.

நிதிப் பாடத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினாலும் மாறாத செலவு எது, அதோடு சேர்ந்து கூடும் செலவு எது என்று பிரிக்கத் தெரிந்தால், கட்டணத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, மாதந்தோறும் உறுப்பினர்கள் பார்க்கும்படி வரவுசெலவு, உறவினரிடம் பொருள் வாங்கும்போது அதை முன்கூட்டியே அறிவிப்பது ஆகிய மூன்றும் வழக்கமாகிவிட்டால், நன்கொடையாளர்கள் தயங்க மாட்டார்கள்.

ஆய்வேட்டுக்கும் வேலைக்கும்

இறுதி ஆண்டில் ஆய்வேட்டுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. நீங்கள் நிரப்பி வைத்த பதிவேடே தரவு. "விளையாட்டும் சமூக மேம்பாடும்" போன்ற விரிந்த தலைப்புகளைத் தவிர்த்துவிட்டு, "பயிற்சி நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றியபின் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளின் வருகையில் ஏற்பட்ட மாற்றம்" என்பதுபோல் விடை காணக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு தானாகவே பிள்ளைகளை ஒழுக்கமுள்ளவர்களாக்கும், குற்றங்களைக் குறைக்கும் என்று எழுதுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எந்தப் பயிற்சியில், யார் வழிநடத்த, எத்தனை காலத்துக்குப் பிறகு, எந்த மாற்றம் எந்த வழியாக வந்தது என்று படிப்படியாகக் காட்டினால்தான் அந்தக் கூற்று நிற்கும். பிள்ளைகளின் தகவல்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் பிள்ளையின் சம்மதத்தையும் பெறுங்கள். ஆய்வேட்டில் உண்மைப் பெயர்கள் வரக் கூடாது.

வேலை தேடும்போது விளையாட்டுத் துறை என்ற பெயர்ப்பலகை உள்ள இடங்களோடு நின்றுவிடாதீர்கள். உள்ளாட்சி அமைப்புகள், பள்ளிகளின் கூட்டமைப்புகள், மாநில அல்லது மாவட்ட அளவிலான சங்கங்கள், அறக்கட்டளைகள், பொதுச் சுகாதாரத் துறைகள் ஆகியவற்றிலும் இந்தப் பணிகள் வேறு பெயர்களில் இருக்கின்றன. ஐந்து முதல் பதினேழு வயதுவரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிட உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதால், சுகாதாரத் துறையினரிடம் பேசும்போது அந்த அளவுகோலிலேயே உங்கள் மன்றத்தின் பணியைக் காட்டலாம். நேர்காணலுக்குச் செல்லும்போது, இரண்டு ஆண்டுகளின் வருகை அட்டவணை, நீங்கள் எழுதிய பாதுகாப்பு விதிகள், ஒரு போட்டியின் திட்டமும் அது முடிந்தபின் எழுதிய குறைநிறை அறிக்கையும் கொண்ட மெல்லிய கோப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

படிப்பு முடிந்து மன்றத்தை விட்டுக் கிளம்புவதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே, உங்கள் வேலைகளை மற்றவர்களிடம் ஒப்படைக்கத் தொடங்குங்கள். பதிவேட்டை நிரப்பும் பொறுப்பை மூத்த பிள்ளைகளில் இருவரிடம் கொடுத்து, முதல் சில வாரங்கள் அருகிலிருந்து பாருங்கள். மைதான ஒதுக்கீட்டுக்கு யாரிடம் எப்போது விண்ணப்பிக்க வேண்டும், மைதானச் சாவி யாரிடம் இருக்கிறது, நன்கொடையாளர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய தேதிகள் எவை, உயரம் அளக்க வேண்டிய மாதங்கள் எவை என்பவற்றை ஒரே நோட்டில் எழுதி, செயலாளரோடு உட்கார்ந்து ஒருமுறை முழுவதுமாகப் படித்துக் காட்டிவிட்டு அவரிடம் கொடுங்கள்.